மூன்று எண்களுக்கு மட்டும்

வீட்டில் இன்டர்நெட் போன் சரியாக வேலை செய்யவில்லை என்று யாராவது கூப்பிட்டால், நான் முதலில் போனைத் தொடவே மாட்டேன். வயரைத்தான் பார்ப்பேன். பத்தில் எட்டு வீட்டில் கோளாறு அங்கேதான் இருக்கும். கதவிடுக்கில் நசுங்கிக் கிடக்கும், இல்லாவிட்டால் சோபாவின் கால் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். ரவுட்டரைத் தட்டுவார்கள், போனைக் குலுக்குவார்கள், கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். கீழே குனிந்து பார்க்க மட்டும் ஒருத்தருக்கும் இடுப்பு வளையாது.

இருபத்தாறு வருடமாக இந்த வேலையில்தான் இருக்கிறேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், நேற்று உங்கள் போலீஸ் அறிக்கையைப் படித்துக் காட்டினீர்கள். அதில் ‘கவனக்குறைவாக அமைக்கப்பட்ட தொலைபேசி இணைப்பு’ என்று ஒரு வரி வருகிறது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மேடம், அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள். நான் போட்ட எந்த இணைப்பிலும் கவனக்குறைவு என்று ஒருத்தரும் விரல் நீட்டியது கிடையாது. என் வீட்டில் போட்டதும் அப்படித்தான்.

முதலிலிருந்தே சொல்கிறேன். டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே எழுதுங்கள்.

இறந்துபோனது என் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எனக்கு ஆறு வயதாகும்போது அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போயாயிற்று. பதினாறு வயதுப் பெண், என்னைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு ஒரு அச்சகத்துக்கு வேலைக்கு ஓடுவாள். பிறகு அவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது, “என் தம்பியும் என்னோடதான் வருவான்” என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டாளாம். இரண்டு இடம் அதோடு தட்டிப்போனது. மூன்றாவதாக வந்தவர் சரி என்று தலையாட்டினார். நல்ல மனிதர். “எல்லாருக்கும் கல்யாணத்துல பாத்திரம் பண்டம் வரும், எனக்கு ஒரு மச்சினன் வந்தான்” என்று கடைசிவரைக்கும் சொல்லிச் சிரிப்பார். அவர் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது.

அவர்களுக்கு ஒரே மகள். நாற்பது வயதாகிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்னும் எங்களுக்குப் பாப்பாதான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. படித்தாள், கட்டிக்கொண்டாள், விமானத்தில் எட்டு மணி நேரம் போகிற தூரத்தில் குடியேறினாள். அதற்குப் பிறகு வீட்டில் அக்காவும் நானும்தான். எட்டு வருடத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய், வெளிச்சம் எது, நிழல் எது என்று தெரிகிற அளவில் வந்து நின்றது. முழங்காலும் போய்விட்டது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வெளியே போவதென்றால் நான் வேண்டும்.

செல்போன் அவளுக்குச் சரிப்படவில்லை. வழுவழுவென்று கண்ணாடியைத் தடவி அவளால் என்ன கண்டுபிடிக்க முடியும். கூடத்தில் ஒரு சின்ன மேஜை, அதன் மேல் பெரிய பொத்தான் வைத்த பழைய போன். ஐந்தாம் எண்ணின் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். விரலை அதில் வைத்துக்கொண்டு மற்ற எண்களுக்கு வழி கண்டுபிடிப்பாள். பாப்பாவின் எண் பதினான்கு இலக்கம். ஒரு தடவைகூடத் தப்பாக அழுத்தியது கிடையாது.

போன வருடம் பழைய லைனை எடுத்துவிடப் போவதாகக் கடிதம் வந்தது. அக்காவுக்கு முகமே செத்துப்போயிற்று. “சனிக்கிழமை பாப்பா கூப்பிட்டா என்னடா பண்றது?” என்றாள். “நான் எதுக்கு இருக்கேன்?” என்றேன். இரண்டு நாள் லீவு போட்டு இன்டர்நெட் போனைப் போட்டேன். கால் தடுக்கக் கூடாது என்று கேபிளைச் சுவரோரமாகவே ஒட்டிக்கொண்டு போனேன். அவளுடைய அதே பொத்தான் போனை ஒரு அடாப்டரில் மாட்டினேன். கரன்ட் போனாலும் போன் பேச வேண்டும் என்று தனியாக ஒரு பேட்டரி. ரவுட்டரில் பேச்சுக்குத்தான் முதல் வழி, மற்றதெல்லாம் பின்னால் வரட்டும் என்று அமைத்தேன். பழைய எண்ணே கையோடு வந்தது. அந்தச் சனிக்கிழமை ரிசீவரைக் காதில் வைத்துவிட்டு, “பக்கத்து ரூம்லேர்ந்து பேசற மாதிரி இருக்குடா தம்பி” என்றாள். ஆயுசில் நான் வாங்கிய சர்டிபிகேட் அது ஒன்றுதான்.

செருப்பு அலமாரியின் மேல்தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்ததே, உங்கள் ஆள் கழற்றிக்கொண்டு வந்தாரே, அதுதான் வீட்டுக்கான எக்ஸ்சேஞ்ச். யார் கூப்பிட்டால் என்ன சத்தம் கேட்க வேண்டும், அக்கா யாரைக் கூப்பிட்டால் எங்கே போக வேண்டும் என்று வரி வரியாக அதில் எழுதி வைக்கலாம். எழுதினதை எழுதினபடியே செய்யும். ஏன், எதற்கு என்று மனிதரைப் போல் வாயாடாது.

ஒட்டுக்கேட்கிற புத்தி எனக்குக் கிடையாது. எதிரொலி வருகிறதா, வார்த்தை விழுங்குகிறதா என்று பார்ப்பதற்காக முதல் மூன்று வாரம் சனிக்கிழமைப் பேச்சை என் அறையிலிருந்து ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். புது இணைப்பு எதுவானாலும் அப்படிக் கேட்டுப் பார்ப்பது வழக்கம். மூன்றாவது சனிக்கிழமை பாப்பா சொன்னாள்:

“ரூம் ரெடி பண்ணிட்டேம்மா. தரைத்தளந்தான், படியே கிடையாது. இங்க ஒரு கண் டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். மிச்சம் இருக்கற பார்வையையாவது காப்பாத்திடலாங்கறார். சீக்கிரம் வந்தா நல்லதாம்.”

“வரேன் பாப்பா. தம்பிகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.”

“மாமா ஒண்ணும் சொல்ல மாட்டார்மா.”

“சொல்ல மாட்டான். அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. பாவம்டி அவன். எனக்குச் செஞ்சு செஞ்சே அம்பத்திநாலு வயசாயிடுச்சு. நான் கெளம்பிட்டா தனக்குன்னு ஒரு வாழ்க்கையப் பாத்துப்பான்.”

எதிரொலி எதுவும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. தனக்கென்று ஒரு வாழ்க்கை என்றாளே, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவளும் சொல்லவில்லை. எனக்கு வந்ததைக் கோபம் என்று எழுதாதீர்கள். பயம்தான். சாயங்காலம் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது உள்ளேயிருந்து “தம்பியா?” என்று ஒரு குரல் வரும். நாற்பத்தெட்டு வருடமாக அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறவன் நான்.

எடுத்த எடுப்பிலேயே ஒன்றும் செய்துவிடவில்லை. அடுத்த சனிக்கிழமை பேச்சுக்குக் கொடுத்திருந்த வழியைக் கொஞ்சம் குறுக்கினேன், அவ்வளவுதான். குரல் விட்டு விட்டு வந்தது. இரண்டு பேரும் “கேக்குதா, கேக்குதா” என்றே அரை மணி நேரம் கத்திவிட்டு ஓய்ந்துபோனார்கள். விமான டிக்கெட் பேச்சு அன்றைக்கு எழவில்லை. ஆனால் அக்கா ரிசீவரை வைத்துவிட்டு, “உன் போன் சரியில்லடா” என்றாள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. வேலை தெரியாதவன் என்று அவள் வாயால் கேட்க என்னால் முடியாது. அதனால் அன்றைக்கே பழையபடி சரிசெய்துவிட்டு, வேறு இரண்டு வரி எழுதினேன்.

பாப்பாவின் எண்ணிலிருந்து வந்தால் அவளுக்கு எப்போதும் பிஸி சத்தம் கேட்கும். அக்கா அந்த எண்ணை அழுத்தினால் ரிங் போகிற சத்தம் கேட்கும். ரிங் எங்கேயும் போகாது. அலமாரியில் இருக்கும் கம்ப்யூட்டரே அந்தச் சத்தத்தை அக்காவின் காதுக்குள் போட்டுக்கொண்டிருக்கும். கேட்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. நல்ல சுத்தமான ரிங்.

பாப்பா என் செல்போனுக்குக் கூப்பிட்டாள். “மாமா, அம்மா போன் ஏன் எப்பவும் பிஸியா இருக்கு?” என்றாள்.

“அங்க வர்றத நெனச்சு பயப்படுறாங்க பாப்பா. ரிசீவர எடுத்துக் கீழ வெச்சிடறாங்க. கொஞ்ச நாள் விட்டுப்பிடி.”

“உங்க போன அம்மாகிட்ட குடுங்க மாமா, ஒரே ஒரு நிமிஷம்.”

அக்கா அப்போது கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பால்கனியில் நின்றபடி, “வேணாம்னு கையாட்டுறாங்க பாப்பா” என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை இல்லையா.

அக்காவிடம் நான் பொய் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளாகவே சொல்லிக்கொண்டாள். முதல் மாதம், “வேலையா இருப்பா.” இரண்டாவது மாதம், “புள்ளைங்களுக்குப் பரீட்சையோ என்னமோ.” மூன்றாவது மாதம் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் குளித்துவிட்டு வந்து அந்த ஸ்டூலில் உட்காருவாள். பதினான்கு எண்ணையும் அழுத்துவாள். காதில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருப்பாள். பிறகு ரிசீவரைத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல வைப்பாள்.

எதிர் வீட்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறாள். அக்காவோடு நல்ல சிநேகம். ஒரு நாள் வந்தவள், “என் செல்லுலேர்ந்து போட்டுத் தரேன், பேசுங்கக்கா” என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அக்காதான் என்னைக் காப்பாற்றினாள். “வேணாம்மா. என் நம்பரப் பாத்துட்டு எடுக்காம இருக்கா. வேற நம்பர்லேர்ந்து கூப்பிட்டு அவள மாட்டிவிடணுமா?” என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு ரோஷம் அதிகம். தையல்காரம்மாவை வாசல்வரை கொண்டுவிட்டபோது, கண்ணுக்கு ஓய்வு வேண்டும், ஆள் வந்து பேசினால் அழுகிறாள், அழுதால் அழுத்தம் ஏறும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். நல்ல பெண், வருவதை நிறுத்திக்கொண்டாள். ஆனால் போன் செய்ய ஆரம்பித்தாள். பழைய அச்சகத்துச் சிநேகிதி ஒருத்தியும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். யார் மூலமாகப் பாப்பா நுழைவாளோ என்று ஒவ்வொரு எண்ணாக அடைத்துக்கொண்டிருந்தால் அதற்கு முடிவே இல்லை. எங்கள் வேலையில் அதற்கு ஒரு முறை உண்டு. யார் வரக்கூடாது என்று பட்டியல் போடாதே, யார் வரலாம் என்று போடு. நானும் அப்படியே மாற்றினேன். என் செல்போன், மருந்துக்கடை, கண் டாக்டரின் கிளினிக். மூன்று எண்களுக்கு மட்டும் வழி. மற்ற எதை அழுத்தினாலும் ரிங் சத்தம், எங்கிருந்து வந்தாலும் பிஸி.

நீங்கள் கேட்க நினைப்பது தெரிகிறது. ஆம்புலன்ஸ் எண் அந்தப் பட்டியலில் இல்லை. நான் மறந்துவிட்டேன் என்று உங்கள் கம்ப்யூட்டர் ஆள் நினைக்கிறார். அங்கேதான் அவர் தப்புப் பண்ணுகிறார். யார் வீட்டில் போன் போட்டாலும் அவசர எண்ணைச் சோதித்துப் பார்க்காமல் நான் படி இறங்க மாட்டேன். அன்றைக்கும் நாலாவது வரியாக அதை எழுதத்தான் போனேன். கை நின்றது. ஆம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது, பிள்ளைகள் எங்கே, தகவல் சொல்லியாகிவிட்டதா என்றுதான். பாப்பா வந்து கட்டிலோரம் நின்றால், அம்மாவும் மகளும் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பேசிக் கண்டுபிடித்துவிடுவார்கள். உடம்புக்கு எதுவானாலும் அக்கா எனக்குக் கூப்பிடட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். யோசித்துத்தான் விட்டேன், மேடம். கவனக்குறைவு இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சு கனமாக இருக்கிறது என்றாள். வெந்நீர் கொடுத்தேன், வாயுவாக இருக்கும் என்றேன். ஒரு பல் டாக்டர் அம்மாவின் வீட்டில் வேலை இருந்தது. கீழே கிளினிக், மேலே வீடு, இரண்டுக்கும் சேர்த்து இன்டர்நெட் போன். அக்கா எந்த எண்ணை அழுத்தினாலும் என் செல்போனுக்குத் தகவல் வரும்படி முன்பே வைத்திருந்தேன். பதினொன்று ஏழுக்கு ஒன்று வந்தது. ஆம்புலன்ஸ் எண். பதினொன்று ஒன்பதுக்கு மறுபடியும் அதே. பதினொன்று பதினாலுக்கு மூன்றாம் தடவை.

அந்தச் செல்போனிலிருந்தே பட்டியலில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். பத்து வினாடி ஆகும். நானே ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டிருக்கலாம். இதெல்லாம் தெரியாதவன் இல்லை நான். கையில் கேபிள் இருந்தது. எட்டு நிற வயரை வரிசைப்படுத்தி முனை மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா எனக்குக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். என் எண்ணுக்கு வழி திறந்துதான் இருந்தது. பதினொன்று இருபதுக்கு நாலாவது தகவல் வந்தது. பாப்பாவின் எண், பதினான்கு இலக்கமும் சரியாக. அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை.

பல் டாக்டர் அம்மா உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். அவசர எண் சரியாகப் போகிறதா என்று சோதித்துக் காட்டினேன். “இவ்வளவு பொறுப்பா யாருங்க செய்யறாங்க” என்றார்கள். அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வீட்டுக்குள் நுழையும்போது ஒரு மணி இருக்கும். “தம்பியா?” என்று குரல் வந்தது. ஆனால் தரையிலிருந்து வந்தது. போன் மேஜைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரிசீவர் மடியில் கிடந்தது. ஜாக்கெட் முழுக்க வியர்வை.

“ரிங் போய்க்கிட்டே இருக்குடா. யாருமே எடுக்க மாட்டேங்கறாங்க. ஆம்புலன்ஸ்காரங்ககூட.”

“எனக்குக் கூப்பிட்டிருக்கலாமேக்கா?”

“நீ வேலையா இருப்ப. ஏணி கீணி மேல நின்னுக்கிட்டு இருந்தா, பதட்டத்துல விழுந்து வெப்ப.”

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். அப்போதாவது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது பார்க்கிற பார்வையிலேயே தெரிகிறது. அப்போது உயிர் இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்தால், அந்த நேரத்தில் கொண்டுபோயிருந்தால்கூடப் பிழைத்திருக்கலாம். கொஞ்சம் பொறுத்து, “பாப்பாவுக்கு ஒரே ஒரு தடவ போட்டுக் குடுடா. குரல மட்டும் கேட்டுக்கறேன்” என்றாள். மேஜை மேல் இருந்த போனில் பதினான்கு எண்ணையும் நானே அழுத்தி ரிசீவரை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். ரிங் போயிற்று. எனக்கும் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “விடுடா. பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ” என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. என் கையைப் பிடித்திருந்தாள். பிடி தளர்கிறவரைக்கும் நான் அசையவில்லை.

ஒன்று முப்பத்திரண்டுக்குப் பட்டியலை எடுத்துவிட்டு எல்லா எண்ணுக்கும் வழி திறந்தேன். ஒன்று முப்பத்திநாலுக்கு அதே போனிலிருந்து ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். தப்பைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார் என்று உங்கள் ஆள் எழுதியிருக்கிறார். திருத்த அதில் தப்பே இல்லை.

மறுநாள் பாப்பா வந்தாள். கூடத்தில், அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்டாள். “தெனமும் கூப்பிட்டேன் மாமா. பிஸி, பிஸி, பிஸி. அம்மா என்ன வெறுத்துட்டாங்களா?” நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். சொல்லவில்லை. நேற்று அவள் ஊருக்குத் திரும்பிவிட்டாள் என்று சொன்னீர்கள். நடந்ததை அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவளுக்கு அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாவிட்டாலும் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ‘கவனக்குறைவாக’ என்பதை அடித்துவிட்டு, ‘தெரிந்தே’ என்று எழுதுங்கள். ஒரு வரியும் எனக்குத் தெரியாமல் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்ததில்லை. அக்காவைக் கொன்றது நான்தான், நாலு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் அதோடு இதையும் சேர்த்து எழுத வேண்டும் மேடம், இல்லாவிட்டால் அது பாதி உண்மைதான். அன்றைக்கு அக்கா நாலு தடவை கூப்பிட்டாள். அவள் கூப்பிட்ட ஒருத்தரும் வரவில்லை. கூப்பிடாமலேயே வந்தது நான் ஒருவன்தான்.